கேட்காமல் விட்ட ஏழாம் அத்தியாயம்

மார்ச் 3, செவ்வாய்

வலது கண்ணில் புரை எடுத்து ஐந்து நாளாகிறது. புதுக் கண்ணாடி வரும்வரை பொடி எழுத்தின் பக்கமே போகக்கூடாதாம். நான் எழுதுவது பொடி எழுத்து இல்லை. பேத்தியின் தடித்த பேனாவில், பக்கத்துக்கு ஆறே வரி. நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். தீரட்டும்.

ஞாபகத்துக்காக நான் எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. தேதி போட்டு வைத்தால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று பிறகு யாரும் நழுவ முடியாது. அதற்காகத்தான்.

மார்ச் 4, புதன்

கைப்பேசியில் எங்கள் வாசிப்புக் குழுவில் பதினோரு பேர். எல்லோரும் ஒரே புத்தகத்தை நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் படித்துப் பேசுவோம். இரண்டு வருடமாகிறது, யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைப் பேத்திதான் சேர்த்துவிட்டாள். முதல் மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள், இருநூறு பக்கத்துக்கு முன்னால் வந்த ஒரு குதிரையின் நிறம் என்னவென்று சண்டை வந்தது. "செவலை. நெத்தியில வெள்ளை" என்றேன். தேடிப் பார்த்து அசந்துபோனார்கள். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும், "அம்மாவைக் கேளுங்க."

பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மரியாதை இது. சும்மா சொல்லக்கூடாது, இனிக்கத்தான் செய்கிறது.

இப்போது என் கண்ணுக்காகப் புதுப் புத்தகத்தை முறைவைத்து வாசித்து, குரல் பதிவாக அனுப்பப் போகிறார்கள். யோசனை, குழுவை நடத்தும் நூலகருடையது. தங்கமான பிள்ளை.

மார்ச் 6, வெள்ளி

முதல் அத்தியாயம் வாசித்தவர் ஓட்டுநர். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஆள் இறங்குவதற்கு நிறுத்துவதுபோல நிறுத்துகிறார். பிறகு ஒரு கனைப்பு, வண்டி கிளம்புகிறது.

ஆற்றங்கரையில் ஒரு தங்கும் விடுதி. அதை நடத்தும் பெண். அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் படகோட்டி. படகோட்டியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாயைத் திறந்தால் பொய்தான், ஆனால் நல்லவன்.

மார்ச் 12, வியாழன்

ஏழாம் அத்தியாயம் வந்தது. இருபத்திரண்டு நிமிடம். வாசித்திருப்பவள் குழுவில் இருக்கும் தையல்காரி.

தொடமாட்டேன். அதைப் பற்றிக் குழுவில் பேசுவதையும் திறக்கமாட்டேன்.

காரணம் இதே நோட்டில் நவம்பர் 18இல் இருக்கிறது. அப்போது கொலைக் கதை ஒன்று படித்துக்கொண்டிருந்தோம். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள், எல்லோருக்கும் பின்னால்தான் வருவேன். நாற்பது பக்கம் பாக்கி. கொன்றது யாரென்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறேன், இவள் குழுவில் வந்து, "ஐயோ, அந்தச் சமையல்காரனா இப்படிப் பண்ணுவான்!" என்றாள். போச்சு. கேட்டால், "எல்லாரும் முடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேங்க்கா." நான் ஒருத்தி முடிக்கவில்லை என்று தெரியாதா?

இனி உன் குரல் என் காதில் விழாது என்று மனசுக்குள் அன்றே முடிச்சுப் போட்டுவிட்டேன். என் கல்யாணத்தில், "பொண்ணு கொஞ்சம் குள்ளம்" என்றாள் நாத்தனார். நாற்பத்தொன்பது வருடமாக அவள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தையல்காரி எம்மாத்திரம்?

மார்ச் 13, வெள்ளி

எட்டாம் அத்தியாயத்தில் விடுதிக்காரி கதவைப் பூட்டிவிட்டு நகரத்துக்குப் போகிறாள். ஏன்? படகோட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டானா? — ஏழாம் அத்தியாயத்தைக் கேட்டுவிடலாமா? சீச்சீ.

"ஏழு கேட்டாச்சாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"ஓ, கேட்டாச்சே" என்றேன்.

மார்ச் 18, புதன்

கதை முழுக்க நகரத்தில் நடக்கிறது. படகோட்டி பேச்சையே காணோம். தையல்காரியின் பேச்சையும் காணோம். இன்னொரு அத்தியாயம் வாசிக்கச் சொன்னபோது, வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டாளாம். நல்லதாப் போச்சு.

ஆனால் குழு கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் "ஐயோ" போட ஆளில்லை.

மார்ச் 20, வெள்ளி

மானம் போயிற்று.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தின நாள் எல்லோரும் ஒன்றாகப் போனில் பேசுவது வழக்கம். முடிவு எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு ஊகம் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "படகோட்டி திரும்பி வருவான். அந்தப் பொண்ணைக் கட்டிக்குவான். வேணும்னா எழுதி வெச்சுக்கோங்க" என்றேன்.

பிறகு நூலகர், ரொம்ப மெதுவாக, "அம்மா... படகோட்டி செத்துட்டானேம்மா. ஏழாம் அத்தியாயத்துல."

"வெள்ளத்துல போயிட்டான். நீங்க கேட்டாச்சுன்னு சொன்னீங்களே" என்றார் ஓட்டுநர்.

"ஆமாமாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். படகோட்டி செத்துவிட்டானா?

மார்ச் 22, ஞாயிறு

நூலகர் பேத்தியிடம் சொல்ல, பேத்தி மகளிடம் சொல்ல, மகள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். குரல் வெல்லப்பாகு.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"காலையில என்ன சாப்பிட்டே?"

"நீ தீய்ச்சு வெச்ச ரொட்டி."

"நான் பொறந்தது ஞாபகம் இருக்கா?"

"பொறந்தப்போ நான்தானேடி இருந்தேன்! உங்கப்பா மூணு மணி நேரம் கழிச்சு வந்தாரு. அதையும் எழுதி வெச்சிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். ஞாபகத்தைச் சோதிக்கும் டாக்டர். "ஒரு தடவை காமிச்சுட்டு வந்துடலாம்மா" என்றபோது கண் கலங்கியிருந்தது. அவள் மாமியார் கடைசிக் காலத்தில் இவளைப் பார்த்தே, "நீ யாரும்மா?" என்று கேட்டவர். அந்தப் பயம்.

மறதிக்காரியா, வன்மக்காரியா, எந்தப் பெயர் தேவலை? வன்மம்தான் தேவலை. ஆனால் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 23, திங்கள்

ஓட்டுநர் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: "அம்மா, வணக்கம். நான் பஸ் ஓட்டினவன். உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியுமய்யா! உம்முடைய இரண்டாவது மருமகன் பெயர்வரை தெரியும்!

மார்ச் 24, செவ்வாய்

மகள் வேலைக்குப் போனதும் ஏழாம் அத்தியாயத்தைக் கேட்டேன்.

முதலில் தையல் மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. பிறகு அவள் குரல்.

"அக்கா, வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கு நான் முடிவைச் சொன்னது தப்புதான். எனக்குக் கடைசிப் பக்கத்தைப் பாக்காம ஒரு புத்தகமும் படிக்க வராதுக்கா. யாரு சாகப்போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா தாங்கிக்குவேன், இல்லேன்னா முடியாது. மத்தவங்க அப்படி இல்லைன்னு எனக்கு அன்னைக்குத் தோணல. மன்னிச்சுக்கோங்க. இதுல ஒரு சாவு வருது. உங்களுக்குப் பிடிச்ச ஆளு. யாருன்னு சொல்லமாட்டேன். ஒரு டம்ளர் தண்ணி பக்கத்துல வெச்சுக்கோங்க."

பன்னிரண்டு நாளாக இது என் கைப்பேசிக்குள் கிடந்திருக்கிறது. மற்ற எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நான் என்ன சொல்வேன் என்று அவளும் காத்திருந்து காத்திருந்து வாயை மூடிக்கொண்டாள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளம் வரும் இடத்தில் வாசிப்பு நின்று, மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. அது தைக்கிற சத்தம் இல்லை. துணி இல்லாமல் வெறுமனே ஓடினால் எனக்குத் தெரியும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள்.

அழக்கூடாத கண்ணில் அழுதேன். தண்ணீர் எடுத்து வைத்திருக்கவில்லை.

மார்ச் 25, புதன்

முதலில் மகளிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஒரு கோவத்துக்காகவாம்மா என்னை நாலு நாளா கொன்னே?" என்று அழுகையும் சிரிப்புமாகத் தலையணையால் ஒரு அடி. டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்தாள். "அப்படியே அத்தைக்கும் ஒரு போன் போட்டுடேன்" என்றாள். நாத்தனார் விஷயம் வேறு.

பிறகு குழுவில் பேசினேன். "எனக்கு மறதி இல்ல. வன்மம். ஏழாம் அத்தியாயத்தை நேத்துதான் கேட்டேன். தையல்காரம்மா, தப்பு உன்னுது பாதி, என்னுது பாதி. என்னுது கொஞ்சம் பெரிய பாதி."

"அப்பாடா! கோவம்தானா!" என்றார் ஓட்டுநர்.

அவளிடமிருந்து ஒரே ஒரு "ஐயோ அக்கா" வந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

புதுக் கண்ணாடியில் அடுத்த புத்தகத்தை முடித்துவிட்டேன். குழுவிலேயே முதல் ஆளாக! யாரிடமும் மூச்சு விடவில்லை. நூலகர் தூண்டில் போட்டுப் பார்த்தார். ம்ஹூம்.

மத்தியானம் தையல்காரி கூப்பிட்டாள். பள்ளிச் சீருடை தைத்துத் தள்ளுகிற நேரம், தொண்ணூறாம் பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்குக் கிடைத்த பிரதியில் கடைசி நான்கு பக்கம் கிழிந்து போயிருக்கிறதாம். மேலே ஒரு வரிகூடப் படிக்க ஓடவில்லையாம்.

"அக்கா, அந்தப் பெரியவர் பொழைச்சுக்குவாரா?"

"மெஷினை நிறுத்து" என்றேன். நிறுத்தினாள்.

"தண்ணி எடுத்துட்டு வா."

டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கடைசி நான்கு பக்கத்தையும், வரி விடாமல், அவளுக்குச் சொன்னேன்.