அப்பாவின் தக்காளியும் என் மருந்தும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டுவிடாதே.

அப்பாவின் மாடித் தக்காளி இலையெல்லாம் கிண்ணம்போலச் சுருண்டுவிட்டது, மனுஷர் தண்ணீர் ஊற்றியே கொல்கிறார் என்று போன கடிதத்தில் கேலி செய்திருந்தேனே, அதை அடித்துவிடு. குற்றவாளி நான்தான். ஆறு வருடமாக நான் உருவாக்கும் களைக்கொல்லி உனக்குத் தெரியும், செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்ஸினைப் போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்து, களையைத் தாறுமாறாக வளரவைத்தே சாகடிப்பது. ஆய்வகத்தில் தினமும் அதே சுருளலைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவள், வீட்டில் பார்த்ததும் தண்ணீர்மேல் பழி போட்டேன் பார். ஆய்வகத்தில் போடும் என் வெள்ளைக் கோட்டைத் துவைக்குமுன் மாடித் துணிக்கொடியில்தான் போட்டுவைப்பேன். ஒருநாள் அதை எடுக்கப் போனால், அதற்கு நேர் கீழே இருந்த செடிதான் மோசமாக முறுக்கிக்கொண்டிருந்தது. துணியில் ஒட்டியதே வெயிலில் ஆவியாகிச் செடியைத் தொடுமென்றால், வயலில் அடித்தால் எங்கே போய் நிற்கும்? மருந்து ஆவியாகிறதா என்ற சோதனையைக் குளிர்ந்த அறையில் செய்துவிட்டு, தேறிவிட்டது என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வயல் சோதனைக்கு ஒரு வாரம்தான் இருந்தது, பக்கத்து வயலில் ஒருவர் தக்காளி போட்டிருக்கிறார். களை முளைத்த மண்தட்டில் மருந்தடித்து, அதையும் ஒரு தக்காளிக் கன்றையும் கண்ணாடிப் பெட்டியில் மூடிச் சூட்டில் வைத்தேன், செடிமேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை, மூன்றாம் நாள் சுருண்டது. வயல் சோதனையை நிறுத்தச் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்துட்டு நீங்களே உங்க மருந்தோட காலை வாரலாமா மேடம்னு மேலாளர் கேட்டார். நான் பெத்தது, அதோட சேட்டை எனக்குத்தான் தெரியும்னு சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் மல்லுக்கட்டி, மருந்தை எளிதில் ஆவியாகாத வேறொரு வேதியுப்பு வடிவத்துக்கு மாற்றினோம். அதே பெட்டி, அதே சூடு, இன்றோடு பத்து நாள், கன்று இலை விரித்து நிற்கிறது, தட்டில் களை மட்டும் செத்திருக்கிறது. திங்கட்கிழமை வயலுக்குப் போகிறேன், கொஞ்சமும் பயமில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ரெண்டு மாசமா செடிகிட்ட நான்ல மன்னிப்பு கேட்டுட்டிருந்தேன் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நீ எல்லா நலமும் பெற்று நீடு வாழ வேண்டும். வேலைக்குப் போட்ட உடையோடு படுக்கையில் விழாதே, என் கோட்டு கற்றுத்தந்த பாடத்தை உன் அறைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கத்து வயல் தக்காளிக்காரரை நேற்று வேலியோரம் பார்த்தேன். இந்த வருஷம் காய்ப்பு நல்லா இருக்கும்மா என்றார். ஆமாங்க என்றேன், பெட்டிக்குள் சுருண்ட அந்த முதல் கன்றை நினைத்துக்கொண்டே.

உன் அம்மா