மாமி, அந்தச் சத்தம் நிஜம்தான்

காரில் ஏறியதும் சிலுவை போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தியதும் இன்னொரு முறை போட்டுக்கொள்ளும் என் பிரியமான மாமிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் காரின் இடது முன் சக்கரத்தில் சத்தம் இருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி. நான் சொன்னது பிழை. உங்கள் மருமகன் இதை எழுத்தில் தருகிறான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாபகம் இருக்கிறதா மாமி? பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்காக நீங்கள் மடுல்சீமையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மாமா வரவில்லை. மாட்டை யார் பார்ப்பது என்று தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே இருந்துவிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு உங்களை அவரிடம் கூட்டிப்போவோம். முன் சீட் உங்களுக்கு, பின் சீட் உங்கள் மகள் ஸ்டெல்லாவுக்கு. பசறை தாண்டிப் பாதை கெட ஆரம்பித்ததும் நீங்களும் ஆரம்பித்துவிடுவீர்கள்.

"தம்பி, என் காலுக்கடியில டொக்கு டொக்குங்குது."

"அது ரோட்டு, மாமி."

"ரோட்டு எனக்குத் தெரியாதா? கொழுந்துக் கூடையோட நடந்த ரோட்டு. இது வண்டி."

"உங்க பையில பிஸ்கட் டின் இருக்குல்ல, அதாத்தான் இருக்கும்."

அடுத்த மாதம் ஏறியதுமே பையைத் திறந்து காட்டினீர்கள். "பாருங்க. ஒரு சீல, ஒரு ஜெபமால. இதுல எது டொக்குங்கும்?" பின்னால் ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. அன்றைக்கும் பசறை தாண்டியதும் டொக் டொக் என்றீர்கள். நானும் ரோட்டு என்றேன்.

உங்கள் தொல்லை தாங்காமல் ஒருமுறை கராஜில் காட்டினேன். அங்கிருந்தவர் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். தீர்ப்பு வாங்கி வந்தவன் போல அதை வீட்டில் வந்து சொன்னேன். நீங்கள் அசரவில்லை.

"அவரு என் எடத்துல ஒக்காந்தாரா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது மாமி. தையல்காரனான எனக்கு அது ஏன் உறைக்கவில்லை? சட்டையைப் போட்டிருப்பவர் அக்குளில் பிடிக்கிறது என்றால், மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று என் கடையில் ஒருநாளும் சொன்னதில்லையே.

பிறகு ஒரு காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு ஸ்டெல்லா முன் சீட்டில் உட்காரவில்லை. எங்கே போனாலும் பின்னால்தான். பார்ப்பவர்கள் என்னை வாடகைக் கார்க்காரன் என்று நினைத்திருப்பார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. முன்னால் யாரும் உட்காராததால் சத்தமும் வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொண்டுபோனோம். பின் சீட்டில் கூரை வரைக்கும் மூட்டை. வேறு வழியில்லாமல் ஸ்டெல்லா முன்னால் ஏறினாள். ஏற்றத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் என் கையைப் பிடித்தாள்.

"வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினேன். அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"அம்மா சொன்ன சத்தம்" என்றாள். "அப்படியே, அம்மா சொன்ன மாதிரியே."

முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. சீருடைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம். வாசலில் இறங்கியதும் சொன்னாள்.

"அம்மாவோட வருசப் பூசைக்கு நான் இந்த வண்டியில வரமாட்டேன். பஸ்ல போறேன்."

"கராஜ்ல குடுத்துப் பாப்போம், ஸ்டெல்லா."

"கராஜ்லதான் ஒண்ணுமில்லன்னாங்க. நீங்களும் அதத்தான சொன்னீங்க? யாரு இல்லன்னாங்களோ அவங்களே தேடட்டும்."

ஆகவே தேடினேன். முதல் ஞாயிறு கைத்தொலைபேசியில் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இறங்கினேன். எல்லோரும் முதலில் சந்தேகப்படச் சொன்னது ஸ்டெபிலைசர் லிங்க் என்ற கம்பியைத்தான். விரல் தடிமன்தான் இருக்கும், வளைவில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வது அது. பழையதைக் கழற்றி, டவுனில் புதிது வாங்கி மாட்டினேன். இறுக்கிய நட் ஒவ்வொன்றிலும் தையல் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். பெருமையாக ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு சந்தி வரைக்கும் போனேன். டொக். திரும்பி வந்தோம். அவள் இறங்கிப்போய்ச் சோறு வடித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் ஞாயிறு ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, கழற்றிய சக்கரத்தையும் உள்ளே தள்ளிவைத்தேன். பயந்தவன் அல்லவா நான். பக்கத்து வீட்டு நிமல் தன் முச்சக்கரவண்டியைப் பழுதுபார்க்கும் ஆயுதங்களோடு வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தோம். ஒன்றும் ஆடவில்லை. நிமலுக்குப் பால் இல்லாத பிளேன்டி கொண்டுவந்த ஸ்டெல்லா, தொங்கிக்கொண்டிருந்த காரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா ஒக்காந்திருக்கப்பதான சத்தம் வந்துச்சு? பாரமே இல்லாம தூக்கி வச்சிருக்கீங்க. எப்படிக் கேக்கும்?"

நானும் நிமலும் உடனே சக்கரத்தைத் திரும்ப மாட்டினோம். காரை இறக்கி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்தோம். அப்படிச் செய்தால் அடியில் படுக்காமலேயே சக்கரத்துக்குப் பின்னால் கை போகும். நிமலை உங்கள் சீட்டில் உட்காரவைத்துக் குதிக்கச் சொன்னோம். அவருடைய உடம்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், கார் கும்பிட்டுக் கும்பிட்டு எழுந்தது. ஸ்டெல்லா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். கம்பியில் வைத்தாள், இல்லை. ஸ்பிரிங்கில் வைத்தாள், இல்லை. இன்னும் கீழே போனாள்.

"இங்க! இங்கதாங்க! கையில தட்டுது!"

அவள் தொட்டதன் பெயர் 'போல் ஜொயின்ட்', அதாவது குண்டு மூட்டு. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் இரும்புக் கையின் நுனியில், நம் தோள்மூட்டு மாதிரி ஒரு குண்டு ஒரு கிண்ணத்துக்குள் திரும்பும். மேலே மூடியிருந்த ரப்பர் கிழிந்து, கிரீஸ் எல்லாம் கழுவிப்போய், துரு செங்கல் பொடியாகக் கொட்டியது. நிமல் இறங்கிவந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மாஸ்டர், இது கழண்டா சக்கரம் படுத்துரும். ரோட்டுல ஓட்ட வாணாம்."

எனக்குப் பசறை வளைவுகள் கண்ணுக்குள் வந்தன. இறங்கும்போது பள்ளம் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும் மாமி. நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கம்.

நிமல் போன பிறகு நானும் ஸ்டெல்லாவும் அப்படியே மண்ணில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அதைச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை.

"ஸ்டெல்லா, ஒரு நாள் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு."

மடுல்சீமையிலிருந்து திரும்பிய ஒரு நாள் அது. நீங்கள் கண் மூடி இருந்தீர்கள். ஜன்னல் திறந்திருந்தது. பாறையை வெட்டிய இடத்தில், சுவரில் பட்டுத் திரும்பி என் காதுக்கே வந்தது, டொக் டொக் என்று. ஒன்றரை வருடமாக இல்லை இல்லை என்று ஆட்டிய தலை. இனிமேல் ஆமாம் என்று ஆட்ட வெட்கமாக இருந்தது. ஜன்னலை ஏற்றிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்து, "தம்பிக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றீர்கள். "இல்லியே மாமி" என்றேன்.

ஸ்டெல்லா கையிலிருந்த துருவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

"என்னா?"

"அம்மா தூங்கலங்க. நீங்க ஜன்னல ஏத்துனத பாத்துருக்கு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. 'ஒம் புருசனுக்குக் கேட்டுருச்சு புள்ள. சொல்லத்தான் வெக்கம்'ன்னு. நானும் சேந்து சிரிச்சேன். சிரிச்சுட்டு விட்டுட்டேன். நானாவது வண்டியப் பாருங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவள் இத்தனை நாள் என்மேல் மட்டும் கோபமாக இருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் கையை வாங்கி மிச்சத் துருவை நான் துடைத்தேன்.

ஏன் மாமி, தெரிந்தும் என்னை ஏன் பிடித்து உலுக்கவில்லை? நானாக வந்து சொல்வேன் என்று காத்திருந்தீர்களா?

மூன்றாம் ஞாயிறு வரைக்கும் கார் அசையவில்லை. அந்த மூட்டு தனியாக வராது, இரும்புக் கை முழுவதையும் மாற்ற வேண்டும். ஒரு போல்ட் துருப்பிடித்து வெல்ட் வைத்த மாதிரி இருந்தது. தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் அதற்கு எண்ணெய் விட்டேன். ஞாயிறன்று நான் மெதுவாகத் தட்டுவதைப் பார்த்து நிமலுக்குப் பொறுமை போய்விட்டது. "மாஸ்டர், இது ஊசி இல்ல. அடிக்க ஓணும்" என்று சுத்தியலை வாங்கி மூன்று போடு போட்டார். போல்ட் குதித்து முற்றத்து ஓரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. ஸ்டெல்லா கை தட்டினாள். மாமி, அவள் அப்படிக் கை தட்டி ஒரு வருடம் இருக்கும்.

புதியதை மாட்டி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, நிமலை மறுபடியும் உங்கள் சீட்டில் உட்காரவைத்து, பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கினோம். அவர் இறங்கியதும், நான் சொல்லாமலே ஸ்டெல்லா முன் கதவைத் திறந்து ஏறினாள். சந்தி வரைக்கும் போனோம். சத்தம் இல்லை.

"திரும்பப் போங்க" என்றாள். போனேன். "அந்தக் குழியில விடுங்க." விட்டேன். மூன்று சுற்று முடிந்துதான் வீட்டுக்கு விட்டாள்.

டவுனில் சக்கர அலைன்மென்ட் பார்த்துவிட்டு, வருடப் பூசைக்கு அதே காரில் மடுல்சீமைக்கு வந்தோம். பூசை முடிந்து உங்கள் கல்லறைக்கு வந்தபோது ஸ்டெல்லா பையிலிருந்து பூ எடுப்பாள் என்று பார்த்தால், பழைய இரும்புக் கையை எடுத்தாள்! எனக்குத் தெரியாமல் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறாள்.

"அம்மா, இதுதாம்மா அந்தச் சத்தம்" என்று அதன் நுனிக் குண்டை ஆட்டிக் காட்டினாள். கறுப்புக் குடையோடு நின்றிருந்த மாமா கிட்டே வந்து பார்த்தார்.

"ஊர்ல எல்லாரும் பூ வைப்பாங்க. ஒம் மக ஒனக்கு இரும்பு கொண்டாந்திருக்காடி" என்று உங்களிடம் சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருமளவுக்குச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "ரெண்டு கெழம ஒங்க வீட்டுல வந்து இருக்கவா, மருமகனே?" என்றார். மாட்டைப் பக்கத்து லயத்தில் ஒப்படைத்துவிட்டு எங்களோடு இறங்கினார்.

அந்த இரண்டு வாரம் இப்போது ஐந்து வாரமாகிவிட்டது. பகலில் கடையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைக்கிறார். நாலு ஓட்டைப் பொத்தானில் இரண்டு ஓட்டைதான் தைப்பார், மிச்சம் இரண்டும் வீண் என்கிறார். அவர் எழுந்துபோன பிறகு நான் பிரித்துத் தைக்கிறேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். நீங்கள் எங்களிடம் வந்ததிலிருந்து மூன்று வருடமாக அப்படியே சாப்பிட்டுப் பழகிவிட்டதாம். எத்தனை முறை கூப்பிட்டாலும் மேசைக்கு வரமாட்டேன் என்கிறார்.

அதனால் நேற்றிலிருந்து நாங்களும் தட்டை எடுத்துக்கொண்டு படிக்குப் போகிறோம். மூன்று பேர் உட்கார இடம் போதாது. என் முழங்கை அவருடைய குழம்பில் படுகிறது. திட்டுகிறார், ஆனால் நகர்ந்து இடம் விடுகிறார். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மாமி. நம் வீட்டில் இருக்கும்வரை மாமா ஒரு வேளையும் தனியாகச் சாப்பிடமாட்டார்.

உங்கள் மகளைக் கட்டிய,
வெட்கம் கெட்ட பிறகாவது உண்மையைச் சொன்ன
உங்கள் மருமகன்,
சேவியர்
பதுளை