ஒபிசராக அம்மா

மார்ச் 11, புதன்

நாளை காலை லொங்குய் நகரில் நேர்முகத் தேர்வு. அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் அரசாங்க வேலை. மூன்று வருடம் அரசறிவியல் படித்தது இதற்காகத்தான்.

பின்னேரம் அம்மாவைக் குசினி மேசையில் எனக்கு எதிரே இருத்தி, "நீங்கள்தான் ஒபிசர். என்னைக் கேள்வி கேளுங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"நீங்கள் ஏன் கனடாவுக்கு வந்தீர்கள்?"

அம்மா என்னை ஒருநாளும் 'நீங்கள்' என்றதில்லை.

"நான் இங்கைதானே அம்மா பிறந்தனான்."

"உங்கள் தம்பியைப் பிடித்துச் சென்றதை யார் பார்த்தது? சாட்சி இருக்கிறதா?"

எனக்குத் தம்பி இல்லை. அம்மாவுக்கு ஒருவர் இருந்தார் என்பதே இன்றுதான் தெரியும். அம்மா அகதியாக வந்தபோது மொழிபெயர்ப்பாளர் வழியாக அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. அந்த மொழிபெயர்ப்பாளரின் அதே எழுத்துத் தமிழ்.

"அம்மா!" என்றேன். தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல அடுப்படிக்குப் போனார்.

"கறி அடிப்பிடிக்கப் பாக்குது. நாளைக்கு என்ன சட்டை போடப்போறாய் பிள்ளை?"

நீலச் சட்டை. அவரே இஸ்திரி போட்டுக் கதவில் கொழுவிவிட்டார்.

மாமாவின் பெயரைக் கேட்க இப்போது அவருடைய அறை வாசல்வரை போனேன். நான் கேட்டால், எழுந்து நிமிர்ந்து இருந்து, "ஓம் சேர்" என்று பதில் சொல்லத் தொடங்கிவிடுவாரோ என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன்.