ஒரு கைக்குட்டைகூட

துணி துவைப்பதில் கெட்டிக்காரரான என் வீட்டுக்காரருக்கு,

ஜெயித்துவிட்டோம்! கம்பெனியில் வருடக்கணக்கில் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டித்தான் என் கை நரம்பு போனது என்று தீர்ப்பு வந்துவிட்டது. கம்பெனி நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும்.

எப்படி ஜெயித்தோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டு வேலையால்தான் கை கெட்டது என்று சாதித்த கம்பெனி வக்கீல், உங்கள் அம்மாவையே சாட்சிக்குக் கூட்டி வந்தார். அத்தை என்னைத் தெருவெல்லாம் திட்டுவது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது.

"உங்க மருமகதானே வீட்ல துவைக்கிறது, துடைக்கிறது எல்லாம்?" என்று குழைந்து கேட்டார்.

அத்தைக்கு வந்ததே கோபம்! "யாரு, இவளா? எல்லாம் எம் புள்ளதான் செய்றான். இந்த மகாராணி கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒரு கைக்குட்டைகூடப் பிழிஞ்சதில்ல!"

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். வக்கீல் அவசரமாக அத்தையை உட்காரச் சொன்னார்.

வெளியே வந்து அத்தைக்கு நன்றி சொன்னேன். "உனக்காக யாருடி பேசினா? உள்ளதைச் சொன்னேன்" என்று முறைத்தார். ஆனால் பேருந்தில் கம்பியைப் பிடிக்க முடியாமல் நான் தடுமாறியதும் என் தோளைப் பிடித்தவர், வீடு வரும்வரை விடவே இல்லை.

அங்கே வேலை முடிந்ததும் உடனே கிளம்புங்கள். அழுக்குத்துணி மலையாகக் குவிந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மகாராணி