மாம்பழ வாசனை

கேட்டி நகரம், அமெரிக்கா. ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. இன்று தமிழ் வகுப்பு முடிந்ததும் பெற்றோர்கள் கூடிப் பேசினோம். பிள்ளைகள் ஸ்கூல் பாத்ரூமிலேயே வேப் இழுக்கிறார்களாம். பழவாசனை சேர்த்த இந்த இ-சிகரெட்டைத் தடை செய்யலாமா என்று அரசாங்கம் மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. தடையை ஆதரித்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமாம். "நீங்கதான் நல்லா டிராஃப்ட் பண்ணுவீங்க" என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்போதும் என் பேன்ட் பையில் மாம்பழ வேப் இருந்தது.

அது இல்லையென்றால் நான் சிகரெட்டை விட்டிருக்கவே மாட்டேன். தடை வந்தால் மறுபடி சிகரெட்டுக்குத்தான் போவேன். இதை அங்கே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்றுதான் என் மனைவி ரேவதி நம்புகிறாள்.

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். வெட்கக்கேடு, நன்றாகவே வந்தது. லேப்டாப்பில் படித்துக்கொண்டே வந்த ரேவதி ஓரிடத்தில் நின்றாள்.

"முதல்ல மாம்பழம் மாதிரி இனிக்கும், அப்புறம் தொண்டைல ஜில்லுன்னு இறங்கும்னு எழுதிருக்கீங்களே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆன்லைன்ல படிச்சேன்."

"ஓ" என்றாள். பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சற்றுமுன் மெயிலைத் திறந்து பார்த்தேன். கடிதத்தை அவளே எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். அந்த ஒரு வரி மட்டும் அதில் இல்லை.