மன்னர் பெயர் கேட்டவர்கள்

பிப்ரவரி 9

இன்று வாசகசாலையில் என் பேச்சு. நம் மாநிலத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் தலைப்பு. மன்னர் பெயரிலிருந்து வந்ததற்கு ஒரு கல்வெட்டுச் சான்றும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் மொழியில் நம்மைச் ‘சேற்றுக்காரர்கள்’ என்றார்கள், அதுவே மருவி நின்றுவிட்டது என்றேன். பின்வரிசையில் கூச்சல். நாற்காலி ஒன்று பறந்தது.

நூலகர் மட்டும் சிரித்தார். “நான் டைல்ஸ் போட்ட வீட்ல இருக்கேன் டீச்சர். என்னையும் சேத்துல இறக்கிட்டீங்களே!”

தம்பி சாப்பிட வரவில்லை. இப்போதைய பெயர் மன்னர் பெயரின் சிதைவு, மாநிலத்துக்கு மன்னர் பெயரையே முழுசாக வைக்க வேண்டும் என்னும் சங்கத்தில் அவன் இருக்கிறான். என்னைத் துரோகி என்று சுவரொட்டி அடித்திருப்பதும் அவர்கள்தான்.

பிப்ரவரி 12

“கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காதேக்கா.” மிரட்டலா, கெஞ்சலா? தம்பியின் குரலில் இரண்டும் இருந்தன.

பிப்ரவரி 15

வாசகசாலை எரிந்துவிட்டது.

விடிந்ததும் ஓடினேன். கூரை இல்லை. நனைந்த கரிக்காகிதம் தெரு முழுக்க மிதிபடுகிறது. வீடு நிறைய விருந்தாளிகள் என்று நூலகர் அங்கேயே போய்ப் படுத்திருந்தாராம். ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை.

வீட்டில் தம்பி காய்ச்சல் என்று இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கிறான்.

பிப்ரவரி 16

போய்விட்டார்.

அவர் மனைவி என் கையை விடவேயில்லை. “கரண்டு கோளாறுங்கறாங்களே, போன மாசம்தானே வயரெல்லாம் மாத்தினாரு?”

பிப்ரவரி 19

தீயணைப்பு அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூட்டத்தில் கத்தியவர்களை எனக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்டார்.

“மின்கசிவு இல்லைங்களா?”

“வாசல்ல ஒண்ணு, ஜன்னலடியில ஒண்ணு, ரெண்டு இடத்துல தனித்தனியா பிடிச்சிருக்கும்மா. பெட்ரோல். ஊத்தினவன் புதுசு போல. பெட்ரோல் ஆவி சுத்தி நிக்கறது தெரியாம குச்சியைக் கிழிச்சா அவன் மூஞ்சிக்கே வரும். புருவமெல்லாம் பொசுங்கியிருக்கும்.”

நான் தலையாட்டினேன். தம்பி நாலைந்து நாளாக வீட்டுக்குள்ளும் தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டுதான் நடமாடுகிறான். காய்ச்சல்காரனுக்குத் தொப்பி எதற்கு?

இருக்காது. அவனாக இருக்காது.

பிப்ரவரி 20

அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துத் தொப்பியைப் பிடுங்கினேன். புருவம் இல்லை. முன்மயிர் சுருண்டு கருகியிருக்கிறது.

“உள்ள ஆளிருக்குன்னு தெரியாதுக்கா. அம்மா சத்தியமா தெரியாது.”

“ஏன்டா? ஒரு பேருக்காகவா?”

“உன்னாலதான். நீ பேசினதுக்கு அப்புறம் சங்கத்துல ஒருத்தனும் என்னை நம்பல. உன் அக்காதானே பேசினா, நீயே தீ வையின்னாங்க. வைக்கலைன்னா நானும் துரோகியாம்.”

சத்தம் கேட்டதா என்று கேட்டேன். நூலகர் கத்தினாரா என்று. அவன் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு ஓடியிருக்கிறான், பாவி.

பிப்ரவரி 21

வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 22

அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போலீசுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன். அம்மா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். “போனவரு போயிட்டாரு. இருக்கறவனையும் தூக்கிக் குடுக்கப் போறியா? பெத்த வயிறுடி இது!”

தாண்டிப் போனேன். அம்மாவைத் தாண்டித்தான் போனேன்.

தம்பியையும் கூப்பிட்டேன். “நீயா வந்து சொல்லு. நான் கூட நிக்கறேன்.” அவன் வரவில்லை. காவல் நிலையத்தில் நான் மட்டும்தான் சொன்னேன். போலீசை வண்டியோடு வீட்டுக்குக் கூட்டிவந்து அவனைக் காட்டியதும் நான்தான். தொப்பி இல்லாமல் ஏறினான்.

சங்கத்துப் பெரியவர்கள் அவனை யாரென்றே தெரியாது என்கிறார்கள்.

ஜூலை 3

சட்டசபையில் மன்னர் பெயர்த் தீர்மானம் நிறைவேறியது. தெருவெல்லாம் பட்டாசு. அம்மா ஜன்னலைச் சாத்தினாள். என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் 18

சாட்சி சொல்லும் நாள். நூலகரின் மனைவி முன்வரிசையில் இருந்தார். அம்மா என்னோடு வரவில்லை. தனியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அரசுத் தரப்பு என்று மாநிலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். குமாஸ்தா பழக்கத்தில் பழைய பெயரைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினார். மன்னரின் பெயர், ‘எதிர்’, அதற்கடுத்து என் தம்பியின் பெயர்.

கூண்டிலிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். புருவம் முழுசாக வளர்ந்திருந்தது.

வக்கீல் கூண்டைக் காட்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எதிரி உங்களுக்கு என்ன வேண்டும் என்பது.

“தம்பி” என்றேன். நீதிபதிக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள்.