பச்சைப் பட்டனில் சொருகிய குச்சி

செம்மண்டலம், கடலூர்
18-8-2011

சிதம்பரம் சம்பந்தி சபாபதி அவர்களுக்குப் பட்டம்மாள் எழுதுவது.

உங்களோடு இனிமேல் பேசமாட்டேன் என்று என் மகன் காரியத்தன்று ஊர் கேட்கச் சொன்னேன். இருபது வருஷமாக அந்தச் சொல்லில் நிற்கிறேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்து கோணலாக இருக்கும். சிரிக்காமல் படியுங்கள்.

உங்கள் மகள் அமராவதி நலம். காலையில் குறிஞ்சிப்பாடிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறாள். உங்களுக்குப் பிறந்தவள் என்பதைத் தவிர என் மருமகளிடம் ஒரு குறையும் கிடையாது.

எழுதுகிற விஷயம் பேத்தி தில்லைநாயகியைப் பற்றியது. (அந்தப் பெயரும் என்னைக் கேட்காமல் நீங்கள் வைத்தது. மறக்கவில்லை.) மெட்ராஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, என் வீட்டுக்காரர் டாக்சி நிறுத்திய ஷெட்டில் ஒரு மெசின் கட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டில் அகலத்துக்கு இரும்புச் சட்டம். அதன் மேலே ஒரு தலை. காயலான் கடையில் பழைய ஜெராக்ஸ் மெசின்களைக் கிலோ கணக்கில் வாங்கிப் பிரித்து, அந்த மோட்டார்களை மாட்டியிருக்கிறாள். கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்தால் தலை தானாகவே அங்கும் இங்கும் நகர்ந்து, அடியில் சுற்றுகிற பல்லால் மரத்தைக் குடைகிறது. சி.என்.சி. ரூட்டர் என்று பெயராம். பூஜை அறைக் கதவு, ஜன்னலுக்குப் பூவேலை ஜாலி எல்லாம் செய்து விற்கப் போகிறாளாம்.

முதன்முதலில் அது ஒரு பலகையில் எழுதியது என்ன தெரியுமா? சடையப்பன் என்று அவள் அப்பன் பெயரை. "எப்பிடி ஆயா இருக்கு?" என்று ஓடிவந்து காட்டினாள். சுற்றுகிற பல் என் மகன் பெயரை எழுதுகிறது.

உங்கள் மில்லில் மரத்தை அறுத்த மெசின் இந்த வீட்டு ஆண்பிள்ளையை ஒரு தடவை வாங்கிக்கொண்டது. என் பேச்சை அவள் கேட்கமாட்டாள். உங்கள் போனுக்குத்தான் மரியாதை. நிறுத்தச் சொல்லுங்கள்.

பயத்தில் எழுதுகிறேன், பாசத்தில் இல்லை.
பட்டம்மாள்

---

சிதம்பரம்
27-8-2011

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்கு சபாபதி வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கலங்கிவிட்டேன். இங்கு எனக்கு மூட்டு வலி தவிர வேறு குறையில்லை.

பேத்தி எல்லாவற்றையும் எனக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். ஒரு பெண் பிள்ளை தனியாக இப்படி ஒரு எந்திரத்தை உருவாக்குவது நமக்கெல்லாம் பெருமை. மர மில்லை மூடியபின் நம் குடும்பத்தில் மரத்தூள் வாசனையே போய்விட்டது என்று வருந்தியதுண்டு. இப்போது இவள் வந்திருக்கிறாள்.

தாங்கள் பழையதை நினைத்து அஞ்சுவது புரிகிறது. மாப்பிள்ளை விஷயத்தில் நடந்தது அவருடைய சிறு அஜாக்கிரதை. பேத்தி படித்தவள், நிதானமானவள். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

அமராவதிக்கு என் ஆசிகள்.

தங்கள் நலம் நாடும்
சபாபதி

---

செம்மண்டலம், கடலூர்
20-10-2011

சபாபதி அவர்களுக்கு.

அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ஷெட்டுக்குள் ஒன்றைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

குடைகிற மோட்டாருக்கு என்று சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறாள். உங்கள் மில்லில் இருந்த மாதிரியே பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். பச்சையை அழுத்தினால் ஓடும். கரண்ட் போனால் பச்சைப் பட்டன் தானாக வெளியே வந்துவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் ஆள் போய் அழுத்தினால்தான் ஓடும். ஆளைக் காப்பாற்றத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் ஆனால் இங்கே வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. பட்டன் டக்கென்று விழுகிறது. மோட்டார் நிற்கிறது, தலை மட்டும் நகர்கிறது, பல் முறிந்துபோகிறது. அதற்காக அவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? பச்சைப் பட்டன் வெளியே வராதபடி ஒரு குச்சியைச் செதுக்கிச் சொருகி வைத்திருக்கிறாள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாடி இது?"

"ஐயே, அதுக்கு ஏன் ஆயா இப்பிடி முழிக்கிற? போர்செட்டு வச்சிருக்கறவங்க எல்லாம் வைக்கிறதுதான். குறிஞ்சிப்பாடி பக்கம் எந்த மோட்டார் கொட்டாய்க்கு வேணா போய்ப் பாரு."

"கரண்டு போயிட்டு வந்தா தானா ஓடுமேடி."

"ஓடட்டுமே. நான் என்ன அப்பா மாதிரி அஜாக்கிரதையாவா இருப்பேன்?"

கேட்டீர்களா? உங்கள் சொல் அவள் வாயில் இருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். கரண்ட் இருக்கும்போது மரம் குடைய வேண்டும் என்பதால், கரண்ட் இல்லாத நேரத்தைத்தான் துடைப்பதற்கும் பல் மாற்றுவதற்கும் வைத்திருக்கிறாள். நேரம் வீணாகக்கூடாதாம். கரண்ட் போனதும் மற்றவர்கள் விசிறியைத் தேடுவார்கள். அவள் மெசினுக்குள் கையை விடுகிறாள். கம்ப்யூட்டர் அணைந்துதான் இருக்கும். குடைகிற மோட்டாருக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை, கரண்ட் வந்தால் போதும்.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை என் மகனும் உங்கள் மில்லில் இதைத்தானே செய்தான். கரண்ட் இல்லாத நேரத்தில் ரம்பத்துக்கு அடியில் தூளை வாரினான். கரண்ட் வந்தது. நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது தரையில் மரத்தூளைக் கொட்டி மூடியிருந்தீர்கள். சுவரில் ஸ்டார்ட்டரைப் பார்த்தேன். பச்சைப் பட்டனில் வேங்கை மரக் குச்சி, வேட்டிக் கிழிசல் சுற்றி இறுக்கியது. பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். "வோல்டேஜு நிக்கலன்னு மொதலாளிதான் வைக்கச் சொன்னாருங்க" என்று உங்கள் ஆள் அந்தோணிசாமி என்னிடம் அழுதான். நீங்கள் வாசலில் நின்று வந்தவர்களிடம், "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் அஜாக்கிரதைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தக் குச்சி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்காக இல்லை. தாலியறுத்த அமராவதிக்கு அப்பன் ஒருவராவது மிஞ்சட்டும் என்று வாயைக் கட்டினேன்.

இப்போது நான் சொன்னால் தில்லை நம்பமாட்டாள். "நீ தாத்தா மேல எதையாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருப்ப" என்பாள். இத்தனை வருஷம் உங்களைத் திட்டியதற்கு எனக்குக் கிடைத்த பலன் அது. நீங்கள் சொன்னால்தான் நம்புவாள். உங்கள் வாயால் சொல்லுங்கள்.

பட்டம்மாள்

---

சிதம்பரம்
4-11-2011

சம்பந்தி அம்மாளுக்கு.

கடிதம் கிடைத்தது. ஸ்டார்ட்டரைக் கவனமாகக் கையாளும்படி பேத்திக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். சரி தாத்தா என்றாள்.

பழையதைக் கிளறுவதால் யாருக்கும் பயனில்லை. என் வயதையும் தாங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சபாபதி

---

செம்மண்டலம், கடலூர்
2-12-2011

சபாபதி அவர்களுக்கு.

உங்கள் வயது தெரியும். என் மகனுக்கு அந்த வயது வரவில்லை என்பதும் தெரியும்.

போனில் கவனம் என்று சொன்னீர்களாம். அவளும் கவனமாக இன்னும் இறுக்கமான குச்சியாகப் பார்த்துச் சொருகிவிட்டாள். நான் ஒரு நாள் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். மறுநாள் வேறு குச்சி. பீஸ் கட்டையைப் பிடுங்கி அரிசிக்குள் ஒளித்தேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு வாட்டி கைய வச்சன்னா மெசினைத் தூக்கிக்கிட்டு புவனகிரிக்குப் போயிருவேன் ஆயா. அங்க என் ஃபிரண்டு வீட்டுல ஷெட்டு காலியாத்தான் கெடக்கு." அமராவதியும் அவள் பக்கம்தான். "உங்களுக்குப் பயம் அத்தை, அதுக்கு அவ என்ன பண்ணுவா" என்கிறாள்.

புவனகிரிக்குப் போனால் கரண்ட் வரும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? அதனால் கைவைப்பதை விட்டேன். கரண்ட் போன உடனே ஷெட்டு வாசலில் போய் நிற்கிறேன். பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் கேட்டால் கத்தலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். கத்துவதற்குள் பல் சுற்றிவிடும். அதுவும் தெரியும். ஆனாலும் நிற்கிறேன்.

கரண்ட் போனால் எல்லோருக்கும் வேர்க்கிறது. எனக்குக் குளிர்கிறது.

பட்டம்மாள்

---

செம்மண்டலம், கடலூர்
5-1-2012

சபாபதி அவர்களுக்கு.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன வாரம் அடித்த புயலுக்கு முன்னாலேயே இல்லை, அதனால் புயல் மேல் பழியைப் போட வேண்டாம்.

உயிரோடு இருக்கிறோம். முந்திரி மரம் ஷெட்டின் மேல் விழுந்து கூரை ஓடு பாதி போய்விட்டது. மெசின் முழுக்க நனைந்துவிட்டது. தெருவில் கரண்டு கம்பம் ஒன்றுகூட நேராக இல்லை. வெளியூரில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து கம்பம் நடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு எப்போது என்று கேட்டால், "இன்னிக்கும் வரலாம், பொங்கலுக்கும் வரலாம் பாட்டி" என்கிறார்கள்.

உங்கள் பேத்தி விடிந்தால் ஷெட்டில் இருக்கிறாள். துரு ஏறுவதற்குள் ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்து எண்ணெய் போடுகிறாள். தலைக்குள், பல்லுக்கு அடியில், முழங்கை வரைக்கும் உள்ளே விடுகிறாள். குச்சி சொருகியபடியே இருக்கிறது. நனைந்து ஊறி, முன்னைவிட இறுகியிருக்கிறது.

"கரண்டே இல்ல, கம்பமே இல்ல. எங்கேர்ந்து ஆயா வரும்?" என்கிறாள். பீஸ் கட்டையை எடுத்து வைக்கவாவது விடு என்றேன். "ஆரம்பிச்சிட்டியா?" என்கிறாள். முன்பாவது கரண்ட் வரும் நேரம் தோராயமாகத் தெரியும். இப்போது எந்த நிமிஷமும் அந்த நிமிஷம்தான். நான் ஒரு முக்காலியைப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் கையை வெளியே எடுக்கும்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

உங்களிடம் இதுவரை எதையும் வேண்டிக் கேட்டதில்லை. கேட்கிறேன். வாருங்கள்.

பட்டம்மாள்

---

செம்மண்டலம், கடலூர்
17-1-2012

சம்பந்தி அவர்களுக்குப் பட்டம்மாள் எழுதுவது.

நீங்கள் வந்து போன விஷயத்தை உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. நான்தான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

குடை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்குள் போனீர்கள். மெசினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர்கள். சுவர்ப்பக்கம் நின்றீர்கள்.

"இது யாரும்மா வச்சது?"

"நான்தான் தாத்தா. வோல்டேஜ் நிக்கல. எல்லாரும் வைக்கிறதுதான?"

குச்சியைக் கையால் பிடித்து இழுத்தீர்கள், வரவில்லை. அவளிடம் குறடு கேட்டு வாங்கினீர்கள். குறடு குச்சியைப் பிடிக்காமல் இரண்டு தடவை வழுக்கி ஸ்டார்ட்டர் மேல் இடித்தது. "குடுங்க தாத்தா, நான் எடுக்கறேன்" என்றதற்கு, "நீ தொடாத" என்று ஒரு சத்தம் போட்டீர்கள். குச்சி வந்தது. பச்சைப் பட்டன் டக்கென்று வெளியே விழுந்தது.

அப்புறம் அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "உங்கப்பன் ரொம்ப ஜாக்கிரதையான ஆளும்மா. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்பறம் எப்பிடி தாத்தா?"

குச்சியை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினீர்கள். "இதாலதான். எங்க மில்லுலயும் இருந்துச்சு." சட்டைப் பைக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டீர்கள். அவள் உங்கள் பின்னால் தெருமுனை வரைக்கும் வந்தது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. பஸ் ஏறும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

மூன்றாம் நாள் காலை அவள் பல்லுக்கு அடியில் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் முக்காலியில் இருந்தேன். தெருவே கத்தியது. எதிர்வீட்டு டி.வி. அலறியது, எங்கள் வீட்டு மின்விசிறி கிறீச்சென்று சுற்றியது. மெசின் மட்டும் சும்மா இருந்தது. அவள் கையும் உள்ளேயே இருந்தது. பச்சைப் பட்டனையே பார்த்தாள். பிறகு மெதுவாக வெளியே எடுத்து, எண்ணெய்க் கையோடு என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். "ஆயா, நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "சொன்னா நம்பியிருப்பியாடி?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அமராவதியிடம் தில்லையே சொன்னாள். அமராவதி அழுதாள். உங்கள் மேல் கோபம் இருக்கிறது. ஆறும், ஆறாது, அதெல்லாம் அவள் பாடு. என் மகன் படத்துக்கு அன்று புதுப் பூ வைத்து, "ஜாக்கிரதையான ஆளு" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது.

மெசின் ஓடுகிறது. வோல்டேஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டாள். கரண்ட் போனால் அவளே பீஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில் கொண்டுவந்து தருகிறாள். நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். அவள் கேட்ட பிறகுதான் கொடுப்பேன். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனாலும் முக்காலியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

டிரங்குப் பெட்டியில் இருந்த வேங்கைக் குச்சியைத் துணியில் வைத்துத் தைத்து இத்துடன் அனுப்புகிறேன். அதை எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் என் கோபத்தைச் சூடு குறையாமல் வைத்திருந்தேன். இனி எனக்கு வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருப்பதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் எல்லாம் தீர்ந்துபோனது என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் வந்த அன்று ஊரில் பால் கிடையாது. மூன்று வீடு அலைந்து ஒரு டம்ளர் பால் வாங்கிவந்து, காபி போட்டு, "தாத்தாவைக் குடிக்கச் சொல்லு" என்று தில்லையிடம் கொடுத்தனுப்பினேன். அதை ஷெட்டுச் சுவரில் வைத்தாள். நீங்கள் தொடாமல் போய்விட்டீர்கள். ஆடை கட்டி, ஈ விழுந்து, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தது.

அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். வந்து குடித்துவிட்டுப் போனால்தான் உண்டு.

பட்டம்மாள்